கட்டி சுருங்கியது எந்த மாத்திரையால்?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. 2016-ல் இடது மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்து, ஐந்து வருஷம் டாமாக்ஸிஃபென் சாப்பிட்டார். போன ஆடியில் முதுகுவலி என்று பார்க்கப்போய், எலும்பிலும் கல்லீரலிலும் பரவியிருப்பது தெரிந்தது. ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் வகை என்றார்கள். இப்போது புற்றுநோய்க்குப் பால்போசிக்ளிப், லெட்ரோசோல், கால்சியம் மாத்திரை, எலும்புக்கு ஸோலெட்ரானிக் ஊசி என்று போகிறது. நியூ ஜெர்ஸியில் இருக்கும் அண்ணன் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான்: மெட்ஃபார்மின், அடோர்வாஸ்டாடின், மெபெண்டசோல், டாக்ஸிசைக்ளின், ஐவர்மெக்டின். எல்லாம் வேறு நோய்க்கான பழைய மருந்துகள். இவை கேன்சர் செல்லைப் பட்டினி போட்டுவிடும், மலிவு என்பதால் கம்பெனிகள் மறைக்கின்றன என்கிறான். ஐவர்மெக்டினை மட்டும் ஐந்து வாரமாக, வாரம் மூன்று நாள் 12 மி.கி. கொடுத்து வருகிறோம். டாக்டருக்குத் தெரியாது. நடுவில் வெள்ளை அணு குறைந்துவிட்டது என்று பால்போசிக்ளிப்பை ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். போன வாரம் எடுத்த ஸ்கேனில் கல்லீரல் கட்டிகள் சுருங்கியிருக்கின்றன. அது ஐவர்மெக்டின் வேலைதான், மீதி நான்கையும் தொடங்கு என்கிறான் அண்ணன். டாக்டரிடம் சொன்னால் இனி வராதே என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அம்மா 54 கிலோவிலிருந்து 48-க்கு வந்துவிட்டார், சோறு இறங்குவதில்லை. என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், திருப்பூர்.

மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டிகள் சுருங்கியிருக்கின்றன என்ற வரி உங்கள் கடிதத்தில் எங்கோ நடுவில் ஒளிந்துகிடக்கிறது. அதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். பரவிய நோய்க்கு முதல் சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் கல்லீரல் கட்டிகள் சுருங்குவது பெரிய விஷயம். முதலில் அதற்காக நிம்மதியாக மூச்சு விடுங்கள்.

இனி அது எதனால் நடந்தது என்ற கேள்வி. பால்போசிக்ளிப்பும் லெட்ரோசோலும் சேர்ந்து என்ன செய்யும் என்பது ஊகம் இல்லை. 666 பெண்களிடம் நடந்த பலோமா-2 ஆய்வின் முடிவு 2016-ல் வெளிவந்தது. லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம், இடைநிலைக் கணக்கில், 14.5 மாதம். கூட பால்போசிக்ளிப்பும் எடுத்தவர்களுக்கு 24.8 மாதம். அளக்கக்கூடிய கட்டி இருந்து இந்த இரண்டையும் எடுத்தவர்களில் பாதிக்கு மேல் கட்டி நன்றாகவே சுருங்கியது. அவர்கள் யாரும் ஐவர்மெக்டின் எடுத்துக்கொண்டவர்கள் இல்லை. உங்கள் அம்மாவுக்கு நடந்திருப்பதும் அதே மருந்துகளில், அதே கால அளவில் நடக்கக்கூடிய ஒன்று. ஐந்து வாரத்துக்கு முன்னால் சேர்ந்த மருந்துக்கு அந்தப் பெருமையைக் கொடுப்பதற்கு என் கையில் காரணம் எதுவும் இல்லை.

இந்தக் கதைக்கு ஒரு மூலக்கதை உண்டு, அண்ணனும் அதைப் படித்திருப்பார். அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஜோ டிப்பன்ஸ் என்பவர் நுரையீரல் புற்றுநோயிலிருந்து மீண்டதற்கு நாய்களுக்குக் கொடுக்கும் பூச்சி மருந்தான ஃபென்பெண்டசோல்தான் காரணம் என்று சொன்னது உலகம் முழுக்கப் பரவியது. அதே சமயத்தில் அவர் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்புச் சிகிச்சை மருந்தின் ஆய்விலும் சேர்ந்திருந்தார் என்ற தகவல் மட்டும் அந்த அளவுக்குப் பரவவில்லை. பிறகு ஜப்பானில் பெம்ப்ரோலிசுமாப் எடுத்துக்கொண்டிருந்த 80 வயது மூதாட்டி ஒருவர் இணையத்தில் படித்துவிட்டு ஃபென்பெண்டசோலையும் சேர்த்துக்கொண்டார். அவர் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அந்த மாத்திரையை நிறுத்தியதும் தேறியது. கட்டி சுருங்கவில்லை. மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது.

இதைச் சொல்வதால், வேறு நோய்க்கான மருந்தைப் புற்றுநோய்க்குத் தருவதே தப்பு என்று நான் நினைப்பதாக எண்ணிவிடாதீர்கள். அம்மா ஐந்து வருஷம் சாப்பிட்ட டாமாக்ஸிஃபென், முதலில் கருத்தடை மருந்தாகும் என்ற எதிர்பார்ப்பில் உருவாக்கப்பட்டதுதான். எவெரோலிமஸ் என்ற புற்றுநோய் மாத்திரையால் வாய் புண்ணாகும் பெண்களுக்கு டெக்ஸாமெத்தசோன் கரைசலை வாய் கொப்பளிக்கக் கொடுக்கிறோம். அந்த மருந்தின் உரிமத்தில் அந்த உபயோகம் கிடையாது, ஆனால் ஆய்வில் நிரூபணமானது. என் மருந்துச் சீட்டுகளிலும் இப்படிப்பட்டவை அன்றாடம் இருக்கின்றன. ஆகவே, உரிமத்தில் இருக்கிறதா இல்லையா என்பதோடு கேள்வி முடிவதில்லை. மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்களா, ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் மருந்துக்கு அது என்ன செய்யும் என்ற இரண்டையும் கேட்க வேண்டும். அண்ணனின் பட்டியலை இந்த இரண்டையும் வைத்தே பார்க்கிறேன்.

மெட்ஃபார்மினிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எங்கள் துறையே ஆவலோடு எதிர்பார்த்த மருந்து அது. மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்குப் புற்றுநோய் குறைவு, வந்தாலும் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று பழைய மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வுகள் வரிசையாகச் சொல்லின. அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. பல வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர் என்ற பட்டியலில் ஒருவர் வர வேண்டுமென்றால் அத்தனை வருஷம் அவர் உயிரோடு இருந்திருக்க வேண்டுமல்லவா? சீக்கிரம் இறந்தவர்கள் தானாகவே எதிர்ப்பட்டியலில் போய் விழுந்துவிடுவார்கள். மருந்து ஒன்றுமே செய்யாவிட்டாலும் நல்லது செய்ததுபோலத் தெரியும். இதைத் தீர்க்கத்தான் கனடாவின் புற்றுநோய் ஆய்வுக் குழு சர்க்கரை நோய் இல்லாத 3,649 மார்பகப் புற்றுநோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 850 மி.கி. மெட்ஃபார்மினை தினம் இரண்டு வேளை ஐந்து வருஷம் கொடுத்தது, மறு பாதிக்கு வெறும் மாத்திரை. 2022-ல் வந்த முடிவில் இரு பக்கமும் ஒன்றுதான். அது நோய் பரவாதவர்களிடம் நடந்தது. பரவிய நோயில் கீமோவோடு சேர்த்துப் பார்த்த சிறிய ஆய்வுகளும் நம்பிக்கை தரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் மெட்ஃபார்மின் தாராளமாகச் சாப்பிடலாம், சர்க்கரைக்காக. சர்க்கரை இல்லையென்றால் அந்த மாத்திரை முதலில் செய்வது பசியைக் குறைப்பதும் வயிற்றைக் கலக்குவதும்தான். 54 கிலோவிலிருந்து 48-க்கு வந்தவருக்கா அதைக் கொடுப்பீர்கள்?

அடோர்வாஸ்டாடின் சாதாரண கொழுப்பு மாத்திரை, வீட்டுக்கு ஒருவர் சாப்பிடுகிறார்கள் என்று நினைப்பீர்கள். பால்போசிக்ளிப்போடு சேரும்போது அதை அவ்வளவு சாதாரணமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. இரண்டையும் கல்லீரலில் ஒரே நொதி கையாள்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்தபோது தசை சிதைந்து, சிறுநீரகம் வரை பாதிப்பு போய் உயிரிழப்பில் முடிந்த சம்பவம் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அபூர்வம்தான். இதய நோய் இருப்பவருக்கு அது தேவையென்றால் நாங்களே கவனமாகக் கொடுப்போம், தசைவலி வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்போம். புற்றுநோயைக் குறைக்கும் என்ற நினைப்புக்காக இந்த அபாயத்தை ஏற்க மாட்டேன்.

டாக்ஸிசைக்ளினைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கால்சியத்தோடு சேர்ந்தால் அது உடம்பில் சரியாக ஏறாது, அம்மா தினமும் கால்சியம் சாப்பிடுகிறார். தவிரவும், வெள்ளை அணு குறையும் ஒருவருக்கு நாளைக்கே நிஜமான தொற்று வரலாம். அன்றைக்குத் தேவைப்படும் ஆன்டிபயாடிக்கை இன்று மாதக்கணக்கில் விழுங்கி அதன் வீரியத்தைக் கெடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஐவர்மெக்டின் நல்ல மருந்து. அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆற்றுக்குருடு, யானைக்கால் போன்ற நோய்களிலிருந்து கோடிக்கணக்கானவர்களைக் காத்தது. ஆய்வகத் தட்டில் புற்றுநோய் செல்களை அது கொல்கிறது என்பதும் உண்மை. ஆனால் தட்டில் கொல்லத் தேவைப்பட்ட செறிவு, வழக்கமான அளவில் விழுங்கியவரின் ரத்தத்தில் வருவதைப் போலப் பல மடங்கு. அந்த மடங்கை எட்டவே சமூக ஊடகங்களில் தினசரி, அதிக டோஸ் என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அந்த அளவுகளில் தள்ளாட்டம், குழப்பம், வலிப்பு வரை போகலாம். மனிதர்களிடம் பார்த்ததென்றால், ஹார்மோன், ஹெர்-2 எல்லாமே நெகட்டிவான ட்ரிபிள் நெகட்டிவ் வகை மார்பகப் புற்றுநோய் பரவிய ஒரு கைப்பிடி நோயாளிகளுக்கு அமெரிக்காவில் நோய் எதிர்ப்புச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 2025-ல் வெளியிட்ட முதற்கட்ட முடிவில் பெரும்பாலானவர்களுக்கு நோய் வளர்ந்தது. அம்மாவுக்கு இருப்பது அந்த வகையே இல்லை.

மெபெண்டசோலைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், பால்போசிக்ளிப்பை ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான். குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஒற்றைப் பூச்சி மாத்திரை வேறு, அதே குடும்ப மருந்தை மாதக்கணக்கில் தினமும் கொடுப்பது வேறு. நீர்க்கட்டிப் புழு நோய்க்கு, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அல்பெண்டசோலை நீண்ட நாள் கொடுக்கும்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளை அணுவையும் கல்லீரலையும் பார்க்கச் சொல்லி மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கும். இரண்டையும் அது பாதிக்கக்கூடியது. பால்போசிக்ளிப்பும் வெள்ளை அணுவைக் குறைக்கும் மருந்து. பலோமா-2-ல் மூன்றில் இரண்டு பேருக்கு அது கணிசமாகக் குறைந்தது.

இப்போது உங்கள் டாக்டரின் மேஜையில் உட்கார்ந்து பாருங்கள். அணு எண்ணிக்கை விழுந்திருக்கிறது, எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் அளவு ஏறியிருக்கிறது. சீட்டில் இருப்பது பால்போசிக்ளிப் மட்டும். அவர் என்ன செய்வார்? 125 மி.கி.யை 100 ஆக்குவார். அடுத்த முறையும் விழுந்தால் 75. அதற்குக் கீழே போக வழியில்லை, நிறுத்திவிடுவார். கல்லீரல் ரிப்போர்ட்டைப் பார்த்து நோய் முற்றுகிறதோ என்று மறுபடி ஸ்கேனுக்கு அனுப்புவார். அவர் செய்வது அத்தனையும் சரிதான். மறைத்துக் கொடுத்த மாத்திரை செய்த வேலைக்குத் தண்டனை கட்டியைச் சுருக்கிய மாத்திரைக்குப் போய்விடுகிறது. பக்க விளைவைவிட எனக்குப் பெரிய பயம் இதுதான். ஐந்து வார ஐவர்மெக்டின்தான் அணுவைக் குறைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். பால்போசிக்ளிப்பே அதைச் செய்யும். ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சொல்லும் வழி இப்போது உங்கள் டாக்டருக்கு இல்லை. இதைப் படித்ததும் ஐவர்மெக்டினை நிறுத்திவிடுங்கள், படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து இல்லை அது. அம்மாவுக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், பாதி ராத்திரியானாலும், பாராசிட்டமால் போட்டுக் காலை வரை பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் படர்தாமரைக்கு மருந்துக் கடையில் கேட்டால் இட்ராகோனசோல் காப்சூலைச் சர்வ சாதாரணமாக எடுத்துக் கொடுக்கிறார்கள். அதை பால்போசிக்ளிப்போடு எடுத்தால் உடம்பில் தங்கும் பால்போசிக்ளிப் 87 சதவீதம் கூடுகிறது என்று அளந்திருக்கிறார்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதற்கு நேர் எதிர். 85 சதவீதம் குறைத்துவிடும், அதாவது கேன்சர் மாத்திரையை விழுங்கியும் விழுங்காத கதை. பம்பளிமாஸ் பழத்தைக்கூட வேண்டாம் என்கிறோம். நீங்கள் தேடிப்போய்க் கொடுக்கும் மருந்தைவிட, யோசிக்காமல் கொடுக்கும் மருந்து பல சமயம் கூடுதல் கெடுதல் செய்கிறது.

மலிவு என்பதால் மறைக்கிறார்கள் என்ற அண்ணனின் பேச்சில் பாதி நிஜம் இருக்கிறது. காப்புரிமை முடிந்த மருந்தைச் சோதிக்க கம்பெனிகள் பொதுவாகப் பணம் போடுவதில்லை. அதனால் நல்ல மருந்து ஏதாவது கவனிக்காமல் கிடக்கலாம் என்று நானும் நம்புகிறேன். ஆனால் யாருமே சோதிக்கவில்லை என்பது சரியில்லை. மேலே சொன்ன மெட்ஃபார்மின் ஆய்வை மறுபடி நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் மார்பகப் புற்றுநோய் வந்த 3,020 பேரைச் சேர்த்து ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை என்று தெரிந்து பாதியில் நிறுத்தி, 2024-ல் வெளியிட்டார்கள். பலன் கிடைத்த கதையும் உண்டு, அது நம் நாட்டுக் கதை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை தலைமையில் 11 மையங்கள், ஆரம்ப நிலையில் இருந்த 1,583 பெண்களில் பாதிப் பேருக்கு ஆபரேஷனுக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றி லிக்னோகைன் போட்டன. பல் பிடுங்கும்போது போடும் அதே மரப்பு ஊசி. ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 86.4 சதவீதத்திலிருந்து 90.1 ஆனார்கள். 2023-ல் அச்சான ஆய்வு. அம்மாவின் நிலைக்கு அது பொருந்தாது. ஆனால் மலிவான மருந்துக்கு மதிப்பு எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

டாக்டரிடம் சொல்வது பற்றி. திட்டுவார் என்றால் திட்டட்டும், இரண்டு நிமிஷம். வராதே என்று சொல்வதற்கு இது காரணமே ஆகாது. எங்களிடம் வருகிறவர்களில் வேறு ஏதோ ஒன்றைச் சேர்த்துச் சாப்பிடாதவர்கள்தான் குறைவு, எங்களுக்கும் அது தெரியும். ஓ.பி.யில் கூட்டம் நெருக்கும் நேரத்தில் வாய்வழியாகச் சொல்லிப் புரியவைக்க முயலாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை ஸ்ட்ரிப்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். லேகியம், பொடி, கஷாயம் இருந்தால் அதுவும். ஒரு தாளில் ஐவர்மெக்டின் தொடங்கிய தேதி, அளவு, நிறுத்திய தேதி. அதை மேஜைமேல் வைத்து, “டாக்டர், சொல்லாமல் இதைக் கொடுத்துவிட்டோம், ரத்தப் பரிசோதனையைப் பார்க்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்” என்றால் போதும். இந்தப் பட்டியலில் எதையாவது சேர்க்கலாமா என்றும் தைரியமாகக் கேளுங்கள். அவர் சரி என்றால் ஒரு சமயத்தில் ஒரே ஒரு மருந்து. தொடங்கும் முன் அணு எண்ணிக்கை, கல்லீரல் பரிசோதனை. எந்தத் தேதியில் எதைப் பார்த்து நிறுத்துவது என்பதை முதல் நாளே பேசிவையுங்கள்.

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். ஆறு கிலோ குறைந்திருக்கிறது, சோறு இறங்குவதில்லை. என்னைக் கேட்டால் இந்தக் கடிதத்தில் இன்றைக்கே கவனிக்க வேண்டியது இதுதான், இதற்கு உரிமத்தில் இல்லாத மருந்து ஒன்றை நானே சிபாரிசு செய்வேன். ஓலான்சபைன் என்பது மனநோய்க்கான மருந்து. புதுச்சேரி ஜிப்மரில் இரைப்பை, கல்லீரல்-கணையம், நுரையீரல் புற்றுநோய் முற்றியவர்களுக்குக் கீமோவோடு தினம் 2.5 மி.கி. மட்டும், பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எடை ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறியவர்கள், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதம். ஓலான்சபைன் எடுத்தவர்களில் 60. மார்பகப் புற்றுநோயாளிகள் அந்த ஆய்வில் இல்லை, ஆனால் கீமோவால் வரும் குமட்டலுக்கு அவர்களுக்கும் இதைக் கொடுத்துப் பழக்கப்பட்டிருக்கிறோம். தூக்கம் வரும், சர்க்கரை ஏறலாம். அதனால் நீங்களாகக் கடையில் வாங்காமல், பசியில்லாமைக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்தபின் இதைத் தரலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். வாய்ப்புண், மலச்சிக்கல், ஸோலெட்ரானிக் ஊசியால் கால்சியம் குறைவது, வலி சரியாக அடங்காதது என்று எதுவும் காரணமாக இருக்கலாம். மெட்ஃபார்மின் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். அது பசியை எதிர்த்திசையில் இழுக்கும்.

அண்ணன்மேல் எனக்குக் கோபமில்லை. அம்மா பக்கத்தில் இருக்க முடியாதவர், கையில் கிடைப்பதை அனுப்புகிறார். அவர் தேடலைப் பயனுள்ள பக்கம் திருப்பிவிடுங்கள். பால்போசிக்ளிப்பும் லெட்ரோசோலும் என்றாவது ஒருநாள் பிடி விடும். அன்று அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்க பிஐகே3சிஏ, ஈஎஸ்ஆர்1 என்ற மரபணு மாற்றங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஹார்மோன் வகையில் பத்தில் நான்கு பேருக்கு முதலாவது இருக்கிறது, அதைக் குறிவைக்கும் மாத்திரைகளும் வந்துவிட்டன. பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் செலவு அதிகம். பட்டியல் மருந்துகளுக்கு அவர் ஒதுக்கிய பணத்தை அதற்கு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். 2016 ஆபரேஷனில் எடுத்த திசுவை மெழுகில் பதித்துவைத்த கட்டையும், ஆடியில் எடுத்த பயாப்ஸியின் கட்டையும் எந்த லேபில் இருக்கின்றன என்று இப்போதே கேட்டு, ரசீதோடு பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.